என் அப்பா ஒரு டோபாஸ்

எங்கள் சேரியில் அப்பாவின் பேரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'கப்பக்காரரு வூடு எது?' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடும். அம்மா கப்பக்காரரு பொண்டாட்டி. நாங்கள் மூன்று பேரும் கப்பக்காரரு புள்ளைங்க. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் போகிற வழியில், வாய்க்கால் கரையை ஒட்டின சேரி அது. நடவும் அறுப்பும் பண்ணை வேலையும் தவிர வேறு பிழைப்பு பார்க்காத ஜனங்களிலிருந்து ஒருத்தர் 1963-ல் இந்தியக் கடற்படைக்குப் போனார். அவர்தான் என் அப்பா. 1978 வரை பதினைந்து வருஷம் கடலில் இருந்தார். 2017-ல் இறந்துபோனார்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் கடற்படைப் பெருமை மட்டும் காரணமில்லை. அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு சொல்லை ஐம்பது வருஷமாக எங்கள் வீடு ஒளித்து வைத்திருந்தது. முதலில் அப்பா ஒளித்தார். பிறகு நான் ஒளித்தேன். அப்பாவுக்கு அதற்கு நியாயம் இருந்தது. எனக்கு இல்லை.

அப்பா லீவில் வருகிற நாள் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. பம்பாயிலிருந்து மெட்ராஸ், எழும்பூரிலிருந்து மீட்டர்கேஜ் வண்டி, சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கி அங்கிருந்து மாட்டுவண்டியோ நடையோ. வெள்ளை யூனிபார்ம், தொப்பி, காலில் கறுப்பு பூட்ஸ், தலையில் ஒரு ஆள் சுமக்கிற தகர டிரங்குப் பெட்டி. ரோட்டிலிருந்து சேரிக்கு நேர்வழி ஊர்த்தெரு வழியாகத்தான். பத்து நிமிஷ நடை. ஆனால் அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்போடு நடக்க முடியாது. கையில் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அப்பா முதல் தடவை லீவில் வந்தபோது பூட்ஸைக் கழற்றச் சொல்லி நாலு பேர் வழிமறித்தார்களாம். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பி, வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முக்கால் மணி நேரம் கூட ஆகும். முள்ளு, சேறு. பதினைந்து வருஷமும் அப்படித்தான் வந்தார். பூட்ஸைக் கழற்றவும் இல்லை, ஊர்த்தெருவில் மிதிக்கவும் இல்லை.

பெரியவனானதும் எனக்கு இது கோபத்தைக் கொடுத்தது. ஒரு சிப்பாய் சண்டை போட்டிருக்க வேண்டாமா என்று கேட்டேன். "நான் லீவு முடிஞ்சு போயிடுவேன். அப்பறம் ஒங்கம்மா அந்தத் தெருவுலதான் கூலிக்குப் போவணும்" என்றார். குடும்பஸ்தனின் கணக்கு அது. கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுகிற எனக்கு அந்தக் கணக்கு அப்போது விளங்கவில்லை.

அப்பா படித்தது ஐந்தாவது வரைக்கும். சுவாமி சகஜானந்தா 1916-ல் சிதம்பரத்தில் ஆரம்பித்த நந்தனார் பள்ளியில் படித்தார். நந்தனை நெருப்பில் இறக்கி உள்ளே அனுப்பியதாகக் கதை சொல்கிற ஊரில், நந்தன் பேரிலேயே பள்ளிக்கூடம் கட்டி எங்கள் பிள்ளைகளை உட்கார வைத்தவர் சகஜானந்தா. சாமியை நேரில் பார்த்ததை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா பண்ணையில் வாங்கின கடனுக்கு அப்பாவை மாடு மேய்க்க அனுப்பியதோடு படிப்பு நின்றது.

1962 சீனச் சண்டைக்குப் பிறகு படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பத்தொன்பது வயதில் கடலூருக்கு ஓடினார். கையில் இருந்தது ஐந்தாவது சர்டிபிகேட். மாலுமி, என்ஜின், சிக்னல் என்று எல்லாவற்றுக்கும் படிப்பு கேட்டார்கள். ஐந்தாவது படித்தவனுக்குத் திறந்திருந்த கதவு ஒன்றிரண்டுதான். அதில் ஒன்றின் பேர் டோபாஸ். ஆள் எடுத்தவர்கள் சாதி கேட்டார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். "இல்ல. என்னா படிச்சிருக்கன்னுதான் கேட்டாங்க" என்றார். யார் ஐந்தாவதோடு நிற்கவேண்டும் என்பதைச் சாதி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதால் அங்கே தனியாகக் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. டோபாஸ் மெஸ்ஸில் அவரோடு படுத்திருந்தவர்களில் பஞ்சாப், உத்தரப்பிரதேச வால்மீகிகள்தான் அதிகம் என்று பிறகு சொன்னார்.

ஆனால் இதெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. சின்ன வயதில் அப்பா 'கப்பல்ல வேலை' பார்க்கிறார். அவ்வளவுதான். கேட்கிறவர்கள் என்ன வேலை என்று கேட்டால், "எல்லா வேலையும்தான்" என்று சிரிப்பார்.

1978-ல் பென்ஷனோடு வந்தவர், சேரியில் இருந்தால் பிள்ளைகள் மாடு மேய்க்கத்தான் போகும் என்று எங்களைக் கடலூருக்குக் கூட்டிவந்தார். புதுப்பாளையத்தில் ஒரு ஓட்டுவீடு. முன்னாள் படைவீரர் என்ற முறையில் முதலில் வந்த வேலை துப்புரவு வேலை. அவருடைய சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆபீசில் இருந்தவர், "ஒமக்குப் பழக்கமான வேலைதானே" என்றாராம். அப்பா அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்தில் ஒரு இடத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். நல்ல வேலையை விட்டுவிட்டார் என்று அம்மா ஒரு மாசம் பேசவில்லை.

வீட்டில் அவர் இருக்கிற விதம் மற்ற அப்பாக்களைப் போல இருக்காது. விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். துணியெல்லாம் ஒரே அளவில் மடித்து அடுக்குவார். எங்கள் சட்டைக்குப் பட்டன் தைப்பதும் இஸ்திரி போடுவதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு அவர் கையால்தான். அம்மாவை உட்கார வைத்து முதலில் சோறு போடுவார். எங்கள் தெருவில் அப்போது இது கேலிப் பேச்சு. கக்கூசை மட்டும் யாரையும் கழுவ விடமாட்டார். யாரும் எழுந்திருக்கும் முன்னே அவரே பினாயில் ஊற்றித் தேய்த்து முடித்திருப்பார். கக்கூஸ் என்று சொல்லமாட்டார், 'ஹெட்ஸ்' என்பார். அது கப்பல் பாஷை. ஹெட்ஸ் என்றால் ஏதோ பெரிய இங்கிலீஷ் வார்த்தை என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் மாசத்தில் அவருக்கு மூன்று நாள் உண்டு. 4-ம் தேதி கடற்படை நாள். 1971-ல் அன்றைக்குத்தான் நம் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கின. அதே நாள் காலையில் விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்த ஸீஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அந்த விக்ராந்தில் அப்பா இருந்தார். அன்று டிரங்குப் பெட்டியைத் திறந்து பூர்வி ஸ்டார் மெடலை எடுத்து பிராஸோ போட்டுத் துடைப்பார். 6-ம் தேதி அம்பேத்கர் நினைவுநாள். குளித்துவிட்டு, அந்த மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு, சிலைக்கு மாலை போடப் போவார். 9-ம் தேதி ராத்திரி சாப்பிடமாட்டார். 1971-ல் அந்த ராத்திரிதான் டையூ பக்கத்தில் குக்ரி கப்பல் டார்பீடோ பட்டு மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் செத்துப்போனார்கள். கப்பலோடு மூழ்கிய கேப்டன் முல்லாவைப் பற்றிப் பாடப் புத்தகத்தில்கூட வந்திருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். "அவரு நல்ல மனுசன்னுதான் சொல்லுவாங்க" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "கடலு முழுங்கும்போது யாரு எந்தப் பிராஞ்ச்னு பாக்கலடா" என்றார். அப்போது அந்தப் பேச்சு ஏன் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

புரிந்தது 1987-ல். பிளஸ் டூ முடித்துவிட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு மனுப்போட முன்னாள் படைவீரர் பிள்ளை என்கிற சான்றிதழ் வேண்டியிருந்தது. அப்பா டூட்டியில் இருந்தார். நானே டிரங்குப் பெட்டியைத் திறந்து அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்தேன். நடத்தை: மிக நன்று. பிரிவு: டோபாஸ். அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பீரங்கி சம்பந்தப்பட்ட வேலை என்று நினைத்தேன்.

சிதம்பரத்தில் சேர்ந்த பிறகு பல்கலைக்கழக நூலகத்தில் அதைத் தேடினேன். 1886-ல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் இருந்தது. அந்தக் காலத்தில் டோபாஸ் என்றால் போர்ச்சுகீசியர் வழி வந்த கலப்பினக் கிறிஸ்தவச் சிப்பாய். தொப்பி போட்டவன் என்பதால் வந்த பேர் என்று சிலரும், துபாஷி என்பதிலிருந்து வந்தது என்று சிலரும் சொல்கிறார்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் 1690-ல் இங்கிலீஷ்காரன் மராட்டியரிடம் வாங்கின செயின்ட் டேவிட் கோட்டை இருக்கிறதே, அங்கே துப்பாக்கி பிடித்துக் காவல் நின்றவர்களில் டோபாஸ்களும் உண்டு. நாங்கள் சாயங்காலம் காற்று வாங்கப் போகிற கடற்கரைக்குப் பக்கத்தில்தான். அதே அகராதியில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் போட்டிருந்தது: கப்பலில் குளியலறையும் கக்கூசும் கழுவுகிற தோட்டி.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஹெட்ஸ், பினாயில், வேண்டாமென்று விட்ட வேலை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. அழுகை வரவில்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்ற பயம்தான் வந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது என் பொய். ஹாஸ்டலில் கேட்டால், "அப்பா நேவில என்ஜின் ரூம்ல இருந்தாரு" என்பேன். பிறகு வேலைக்குப் போய், இயக்கத்துக்கு வந்து, தலித் என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிற காலத்திலும் அதையேதான் சொன்னேன். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர் என்று மேடையில் சொல்லும்போது, என் அப்பாவும் படையில் இருந்தவர்தான் என்று சேர்த்துக்கொள்வேன். கைதட்டுவார்கள்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தென்னார்க்காட்டுப் பறையர்கள் நாங்கள். சேற்றில் உழன்றோம், பிணம் சுட்டோம், பறையடித்தோம், மாட்டைத் தூக்கினோம். ஆனால் மலம் அள்ளுகிற வேலை எங்களுடையது அல்ல என்று எங்களுக்குள் ஒரு மிதப்பு உண்டு. அது நகராட்சிக் காலனியில் இருக்கிற அருந்ததியர் வேலை என்போம். ஊர்த்தெருக்காரன் எங்களைப் பார்க்கிற அதே பார்வையை நாங்கள் அவர்கள் பக்கம் திருப்பினோம். அப்பா டோபாஸ் என்பதை ஊர்த்தெருவுக்குத் தெரியாமல் மறைத்ததைவிட எங்கள் சேரிக்குத் தெரியாமல் மறைத்ததுதான் அதிகம். 'கப்பக்காரரு' என்ற பட்டத்தைக் கொடுத்தது சேரி. அதைப் பிடுங்கவும் சேரியால் முடியும்.

2009-ல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபோது கடலூரில் ஒரு சின்னக் கூட்டம். எங்கள் ஆள் ஒருத்தர் எழுந்து, "பீ அள்ளுறவனும் நாமளும் ஒண்ணா?" என்றார். சிலர் சிரித்தார்கள். எதிரே இரண்டு அருந்ததியத் தோழர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடையில் இருந்தேன். பேச வாயெடுக்கவில்லை. என் அப்பா யார் என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. 2024 ஆகஸ்டில் உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு எனக்கு அந்தக் கூட்டமும் அந்த இரண்டு பேர் முகமும்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அப்பாவோடு ஒரே ஒருமுறை இதைப் பேசியிருக்கிறேன். 2001-ல் கடன் வாங்கிக் கடலூரில் வீடு கட்டினேன். குடிபோன மூணாம் மாசமே கக்கூஸ் அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே ஏறி வந்துவிட்டது. "ஆளு கூப்புட்டுக்கலாம்ப்பா" என்றேன். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரைக் கூப்புடுவ?"

எனக்குப் பதில் வரவில்லை. யாரைக் கூப்பிடுவேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரே ஒரு மூங்கில் கழியும் சாக்குத் துணியும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அரை மணி நேரத்தில் சரி பண்ணிவிட்டார். நான் கதவோரம் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொடுத்தபடி நின்றேன். குளித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது, "பதினஞ்சு வருஷம் பாத்த வேலடா" என்றார். "ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். பொட்டில புத்தகத்த மாத்தி வெச்சிருந்தியே, அன்னிக்கே பாத்தேன்."

பதினான்கு வருஷமாக இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாத மாதிரி இருந்திருக்கிறோம்.

அன்றைக்குத்தான் கப்பலின் அடிவயிற்றைப் பற்றிச் சொன்னார். ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிற கப்பல். குழாயில் வருவது கடல் தண்ணீர். கடல் கொந்தளித்தால் ஹெட்ஸில் இருப்பதெல்லாம் திரும்பி வரும். வாந்தி எடுத்த இடமெல்லாம் இவர்கள்தான் கழுவவேண்டும். இவர்களுக்கும் வாந்தி வரும். "நாங்க ரெண்டு நாளு கை வெக்கலன்னா அம்மாம் பெரிய கப்பலும் கரைக்குத்தான் வரணும். யாரும் அதச் சொல்லமாட்டாங்க." சண்டை மணி அடித்தால் அவருக்கு ஸ்ட்ரெச்சர் தூக்குகிற வேலை. 71 டிசம்பரில் மேலே விமானம் கிளம்புகிற சத்தம் மட்டும் கேட்கும். கீழே இருந்து எதையும் பார்க்க முடியாது. "போனது எத்தன, வந்தது எத்தனன்னு சத்தத்த வெச்சே எண்ணிக்குவோம். குறையாம வரணும்னு நெனச்சிக்குவோம். அந்த நேரத்துல நானும் சிப்பாய்தான்."

"அப்பறம் ஏம்ப்பா யார்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

"நீ சொன்னியா?" என்றார். அவ்வளவுதான். டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. மேலே எழுதிய 2009 கூட்டம் இதற்கு எட்டு வருஷம் கழித்து நடந்தது.

விக்ராந்தை 1997-ல் படையிலிருந்து விடுவித்தார்கள். கொஞ்ச காலம் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2014-ல் அதை உடைக்க ஆரம்பித்தபோது டி.வி.யில் காட்டினார்கள். அப்பா எழுந்து போய் டி.வி. பக்கத்தில் நின்று பார்த்தார். 2016-ல் அந்த இரும்பைக் கலந்து ஒரு பைக் வந்தது. பஜாஜ் வி. எதிர்வீட்டுப் பையன் ஒன்று வாங்கி வந்து, "தாத்தா, ஒங்க கப்பல் இரும்பு" என்று காட்டினான். அப்பா பெட்ரோல் டேங்கின் மேல் கை வைத்துத் தடவிப் பார்த்தார். "எந்த எடத்து இரும்போ" என்று சிரித்தார். அந்தப் பையனுக்கு அது புரிந்திருக்காது.

அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். சொந்த மண்ணில்தான் புதைக்கணும் என்று சொல்லியிருந்ததால் ஊருக்குக் கொண்டு போனோம். முன்னாள் படைவீரர்கள் நாலு பேர் வந்து மூவர்ணக் கொடியைப் போர்த்தினார்கள். பாடையைத் தூக்கும்போது வழக்கம்போல யாரும் சொல்லாமலே வாய்க்கால் கரைப் பக்கம் திரும்பினார்கள். எங்கள் பிணங்கள் ஊர்த்தெரு வழியாகப் போகக்கூடாது. கரைதான் எங்கள் பாடை வழி. பூட்ஸைக் கழற்றாமல் இருக்க அவர் பதினைந்து வருஷம் சுற்றிச்சுற்றி நடந்த வழியும் அதுதான். அவர் எதை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார் என்பது பின்னால் நடந்து போகும்போதுதான் எனக்கு உறைத்தது.

டோபாஸ் என்ற பேர் பிறகு சானிட்டரி ஹைஜீனிஸ்ட் என்று மாறியது. 2022-க்குப் பிறகு வந்த அக்னிவீர் விளம்பரங்களில் சமையல்காரர், ஸ்டூவர்ட் என்பதோடு ஹைஜீனிஸ்ட் என்றும் போட்டிருக்கிறார்கள். பத்தாவது படித்திருந்தால் போதும். பேரை மாற்றினார்கள், தகுதியை உயர்த்தினார்கள். அந்த வரிசையில் யார் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

கல்லறை கட்டுவதற்குப் பணம் சேர்ந்தபோது கல்லில் என்ன பொறிப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது. தம்பி, 'முன்னாள் இந்தியக் கடற்படை வீரர்' போதும் என்றான். நான் டோபாஸ் என்பதையும் போடவேண்டும் என்றேன். தம்பிக்கு அன்றைக்குத்தான் விஷயம் தெரியும். கோபப்பட்டான். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார் என்றான். அம்மா உள்ளிருந்து வந்தார்.

"கல்யாணம் ஆன மொத லீவுலயே தெரியும்டா எனக்கு. அந்தக் கையில பினாயில் நாத்தம் போவவே போவாது. அந்தக் கையாலதான் எனக்குச் சோறு போட்டாரு. எழுதுங்க."

சிதம்பரத்தில் கல் செதுக்குகிறவரிடம் பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தவர் அந்த வார்த்தையில் நிறுத்தினார்.

"டோபாஸ்னா என்னா சார்? கப்பல்ல பெரிய பதவிங்களா?"

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள்.

"கக்கூஸ் கழுவுற வேலைங்க" என்றேன். "எங்கப்பா பதினஞ்சு வருஷம் பாத்தாரு."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துக் கல்லில் அளவு போட ஆரம்பித்தார்.